ஊரடங்கில் முடக்கு வாதம்: ஏற்காட்டுத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

2020 மார்ச் முதல் 2021 இறுதி வரை, சேர்வராயன் மலைமேல் வாழும் முடக்கு வாத (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) நோயாளி ஒருவருக்கு நேர்ந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் காலத்தில் அவருக்குக் கோவிட் தொற்றும் வந்து போனது. ஆனால் இன்று அவருடைய வலது கையில் தெரியும் கோணலுக்குக் கோவிட் காரணமில்லை. தொற்று வருவதற்குப் பல மாதங்கள் முன்பே, ஒரு மாத்திரை கிடைக்காமலும், கையில் இருந்த இன்னொரு மாத்திரையை அஞ்சி நிறுத்தியதாலும், நிறுத்திய இடத்தில் வேண்டாத மாத்திரை வந்து சேர்ந்ததாலும் அந்தக் கை கெட்டது. தொற்று எண்ணிக்கையையும் இறப்பு எண்ணிக்கையையும் நாள்தோறும் எண்ணிக்கொண்டிருந்த நாள்களில் எந்தக் கணக்கிலும் ஏறாமல் போன பாதிப்பு இது. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

நோயாளி

ஊரடங்கு தொடங்கியபோது அவருக்கு வயது 48. ஏற்காடு ஏரியைத் தாண்டி உள்ளே செல்லும் சாலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூரைச் சேர்ந்தவர். கணவரும் தோட்டத் தொழிலாளி. கணவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. ஒரே மகளைச் சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயும் வேலையும் ஒரே மூட்டுகளில்தான் சந்தித்தன. ஏற்காட்டில் காப்பிப் பழம் கார்த்திகை தொடங்கித் தை, மாசி வரை பறிப்புக்கு வரும். ஒரு கொத்தில் உள்ள எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுப்பதில்லை; பச்சைக் காயும் செம்பழமும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பறிப்பவர் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, சரிவில் கால் ஊன்றி நின்று, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சிவந்த பழத்தை மட்டும் பிடித்து லேசாகத் திருகி எடுக்க வேண்டும். பறித்த எடைக்குத்தான் கூலி என்பதால் கை வேகமும் குறையக் கூடாது. முடக்கு வாதம் முதலில் பிடிப்பது அந்த விரல் கணுக்களையும் மணிக்கட்டையும்தான்.

2014 பனிக்காலத்தில் வலி தொடங்கியது. 2006-இல் தமிழ்நாடெங்கும் சிக்குன்குனியா பரவியபோது அவருக்கும் காய்ச்சலோடு மூட்டு வலி வந்திருந்ததால், அதன் மிச்சம்தான் இது என்று வீட்டில் எண்ணினார்கள். மீதிப் பழி மலைக்குளிர் மீது விழுந்தது. தைலமும் வலி மாத்திரையுமாக ஓராண்டு கழிந்தது. 2015-இல் சேலத்தில் பரிசோதித்தபோது முடக்கு வாதத்தைக் காட்டிக்கொடுக்கும் ரத்தக் குறியீடுகளான ஆர்.ஏ. ஃபாக்டரும் ஆன்ட்டி சி.சி.பி.யும் உயர்ந்திருந்தன, இரு கைகளிலும் ஒரே கணக்காக வீக்கம், காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்கவில்லை. வயதானால் வரும் முழங்கால் தேய்மானம் வேறு, இது வேறு. இதில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டைச் சுற்றியுள்ள சவ்வைப் பகையாக எண்ணித் தாக்குகிறது. வீங்கித் தடித்த அந்தச் சவ்வு நாளடைவில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அரித்த எலும்பு மறுபடி வளர்ந்து பழைய நிலைக்கு வருவதில்லை. வலியை அடக்குவதோடு சிகிச்சை முடியாது, தாக்குதலையே அடக்கி வைத்திருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

ஊரடங்குக்கு முந்தைய நிலை

2020 தொடக்கத்தில் அவர் மூன்று மருந்துகளில் இருந்தார்: வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம், வாரம் இருமுறை ஃபோலிக் அமிலம், நாள்தோறும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200 மில்லிகிராம். மாதம் ஒருமுறை பேருந்தில் மலையிறங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலம் வந்து, அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கும் மாத்திரைகளை வாங்கிப் போவார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், கல்லீரல் நொதிகள், கிரியேட்டினின் ஆகிய சோதனைகள் நடக்கும். காலை விறைப்பு கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், வீக்கம் இல்லை, முந்தைய பறிப்புப் பருவம் முழுவதும் வேலைக்குப் போயிருக்கிறார். எந்த அளவுகோலால் பார்த்தாலும் இது நல்ல கட்டுப்பாடுதான்.

மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறைதான் போட வேண்டும். தெரியாமல் நாள்தோறும் போட்டவர்கள் வாய் முழுக்கப் புண்ணோடும், ரத்த அணுக்கள் குறைந்தும் மருத்துவமனைக்கு வருவதுண்டு, உயிரே போயிருக்கிறது. இவர் அந்தத் தவறைச் செய்ததே இல்லை. மறுநாள் குமட்டல் இருக்கும் என்பதால், தோட்டத்துக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய இரவைத் தேர்ந்தெடுத்து, நாள்காட்டியில் சனிக்கிழமைகளை மட்டும் பேனாவால் சுழித்து வைத்திருந்தார். புரட்டாசியில் சனிக்கிழமை விரதம் இருப்பவர் என்பதால் அந்த மாதம் என்ன செய்வது என்று கேட்டு, இரவு விரதம் முடித்துச் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று உறுதிப்படுத்திக்கொண்டும் போயிருக்கிறார். படிப்பு இல்லாதவர்கள் மருந்தைக் குழப்பிக்கொள்வார்கள் என்று மருத்துவர்கள் நாங்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இவர் நான்காம் வகுப்பு வரைதான் படித்தவர்.

முதலில் நின்ற மாத்திரை

ஹைட்ராக்சிகுளோரோகுயின் புதிய மருந்தன்று. மலேரியாவுக்காக உருவாகி, 1950-களிலிருந்தே முடக்கு வாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் பயன்பட்டு வருகிறது. 2020 மார்ச்சில் பிரான்சில் நடந்த ஒரு சிறிய ஆய்வு இது கோவிட்டுக்கு உதவும் என்றது; அமெரிக்க அதிபர் அதைப் புகழ்ந்தார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மார்ச் 22-ஆம் தேதியிட்ட அறிவுரையில், கோவிட் நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளர்களும் நோயாளிகளின் வீட்டாரும் முன்தடுப்பாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்றது. அறிவுரை இன்னாருக்கு என்று வரையறுத்துத்தான் சொன்னது. கடைகளில் அந்த வரையறை நிற்கவில்லை. வசதி இருந்தவர்கள் அட்டை அட்டையாக வாங்கி அலமாரியில் வைத்தார்கள். மார்ச் 26 அன்று மத்திய அரசு இம்மருந்தை எச்1 அட்டவணையில் சேர்த்து, மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. அந்தக் கட்டுப்பாடு சரியானதே. ஆனால் அதற்குள் சரக்கு போய்விட்டது.

இவரிடம் இருந்த மாத்திரை ஏப்ரல் முதல் வாரத்தோடு தீர்ந்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு, பேருந்து இல்லை. ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலம் மாநகராட்சிப் பகுதியில் மளிகைக் கடைகள்கூடத் திறக்காத முழு ஊரடங்கு இருந்தது. ஏற்காட்டில் அவருடைய கணவர் கேட்ட மருந்துக் கடையில், புதிய தேதியிட்ட சீட்டு வேண்டும் என்றார்கள். சீட்டு இருந்தாலும் தற்போது மாத்திரை இல்லை என்றும் சேர்த்தே சொன்னார்கள். மருந்துகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க மார்ச் இறுதியில் மத்திய அரசு அனுமதித்திருந்தது. தொலைவழி மருத்துவ ஆலோசனைக்கான நெறிமுறைகளும் மார்ச் 25 அன்று வெளியாகின. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். கைப்பேசியில் சிக்னல் பிடிக்க ஊருக்கு வெளியே ஒரு பாறை வரை நடந்து போக வேண்டியிருந்த அந்த ஊரை அவை இரண்டும் எட்டவில்லை.

இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. உடலின் திசுக்களில் சேர்ந்து தங்கும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 40 நாள் ஆகும். ஆகவே நிறுத்தியவுடன் ஒன்றும் நேராது. ஏப்ரல் முழுவதும் அவருக்கு வலி இல்லை. மாத்திரை இல்லாமலேயே நன்றாக இருக்கிறோமே என்ற எண்ணம் அந்த வாரங்களில் வேரூன்றியது. அடுத்த முடிவுக்கு அதுவே வழிவிட்டது.

இரண்டாவதாக நிறுத்திய மாத்திரை

மெத்தோட்ரெக்சேட் தீரவில்லை, இரண்டு மாதத்துக்கு உண்டான மாத்திரை வீட்டிலேயே இருந்தது. அதை அவராகத்தான் நிறுத்தினார். அப்போது ஊரெல்லாம் பேச்சு நோய் எதிர்ப்பு சக்தியைப் பற்றித்தான். கபசுரக் குடிநீர் வீடு வீடாக வந்தது. துத்தநாக மாத்திரை, வைட்டமின் சி, இஞ்சி, மஞ்சள் என்று ஒவ்வொருவரும் சக்தியைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் உறவினர் ஒருவருடைய கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது: வாதத்துக்கும் புற்றுநோய்க்கும் கொடுக்கும் மாத்திரைகள் எதிர்ப்பு சக்தியைக் குறைப்பவை, அவற்றைப் போடுபவர்களைக் கொரோனா முதலில் பிடிக்கும் என்று. பிறகு நான் கேட்டபோது அவர் சொன்னது: “சக்தியக் கொறைக்கிற மாத்திரைன்னு சொன்னாங்க டாக்டரம்மா. இந்த நேரத்துல அதயும் போட்டா நாமளே வாசலத் தொறந்து வைக்கிற மாதிரிதானுங்களே?”

அவருடைய அச்சத்தில் ஒரு பாதி உண்மை இருந்ததால்தான் அதைக் களைவது கடினமாயிற்று. மெத்தோட்ரெக்சேட் எதிர்ப்பு மண்டலத்தை ஓரளவு அடக்குவது உண்மை, அதற்காகத்தான் கொடுக்கிறோம். ஆனால் வாதத்துக்குத் தரும் அளவு, புற்றுநோய்க்குத் தரும் அளவில் ஒரு சிறு பங்கு மட்டுமே. அதைவிட முக்கியம், கட்டுப்படாத முடக்கு வாதமும் உடலைத் தொற்றுக்கு ஆளாக்கும் என்பது. மருந்தை நிறுத்தினால் ஆபத்து குறையும் என்ற கணக்கில் இந்த இரண்டாவது பாதி விடுபட்டுப் போகிறது. 2020 மார்ச்சில் உலகெங்கும் உள்ள வாதநோய் மருத்துவர்கள் சேர்ந்து கோவிட்-19 குளோபல் ருமட்டாலஜி அலையன்ஸ் என்ற பதிவேட்டைத் தொடங்கினார்கள். 40 நாடுகளைச் சேர்ந்த 600 நோயாளிகளைப் பற்றி அவர்கள் அந்த ஆண்டே வெளியிட்ட முதல் ஆய்வில், மெத்தோட்ரெக்சேட் போன்ற வழக்கமான வாத மருந்துகளை எடுப்பவர்கள் கோவிட்டால் மருத்துவமனையில் சேர நேர்வது கூடுதலாக இல்லை. நாளொன்றுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோன் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத்தான் அது கூடுதலாக இருந்தது. 3,729 நோயாளிகளைக் கொண்டு 2021 தொடக்கத்தில் வந்த ஆய்வில், நோய் கட்டுப்படாமல் இருப்பதே இறப்போடு தொடர்புடைய காரணங்களுள் ஒன்றாகக் காணப்பட்டது. இந்தச் செய்திகள் வந்த வேகத்தைவிட அந்தக் குரல் பதிவு வேகமாக மலையேறிவிட்டது.

மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திய பிறகும் ஃபோலிக் அமிலத்தை அவர் நிறுத்தவில்லை. அது சத்து மாத்திரை, உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருந்தோம். மெத்தோட்ரெக்சேட்டின் பக்கவிளைவைத் தணிக்கவே தரப்படும் அந்தத் துணை மாத்திரையை மட்டும் வாரம் தவறாமல் போட்டு வந்தார்.

வெள்ளை மாத்திரை

மே இறுதியில் காலை விறைப்பு திரும்பியது. ஜூனில் இரு மணிக்கட்டுகளும் வீங்கின. ரேஷன் கடையில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் வரிசையில் நிற்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அரிசிப் பையைக் கணவர்தான் போய் வாங்கினார். ஜூன் மாதம் மண்டலத்துக்குள் சில பேருந்துகள் ஓடின. ஆனால் சேலத்தில் தொற்று ஏறுகிறது என்று கேட்டு அவர் மலையிறங்க அஞ்சினார். ஜூலையில் அந்தப் பேருந்துகளும் நின்றுவிட்டன.

இந்த நிலையில்தான், தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு மருந்துக் கடையிலிருந்து சீட்டில்லாமல் சின்ன வெள்ளை மாத்திரைகளும் ஒரு வலி மாத்திரையும் வந்தன. வெள்ளை மாத்திரை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 0.5 மில்லிகிராம். காலையில் இரண்டு, இரவில் இரண்டு. மூன்றாம் நாளே எழுந்து சமைத்தார். வாரம் திரும்புவதற்குள் துணி துவைத்தார். அதற்குச் சற்று முன்தான், ஜூன் 16 அன்று, ஆக்சிஜன் தேவைப்படும் கோவிட் நோயாளிகளின் இறப்பை டெக்சாமெத்தசோன் குறைக்கிறது என்று இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு அறிவித்திருந்தது. அந்தச் செய்தியும் ஊர் வந்து சேர்ந்திருந்ததால், கொரோனாவுக்கே கொடுக்கும் மாத்திரை என்ற பெருமை அதற்குக் கிடைத்தது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு, அதிகம் போனால் 10 நாள் மட்டுமே அந்த ஆய்வில் கொடுத்தார்கள்; ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை. இவர் இரண்டு மாதத்துக்கு மேல் போட்டார்.

நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்பது பிரெட்னிசோனுக்கு நிகரான பிரெட்னிசோலோனில் ஏறக்குறைய 13 மில்லிகிராமுக்குச் சமம். எதிர்ப்பு சக்தி குறையக் கூடாது என்று அஞ்சி மெத்தோட்ரெக்சேட்டை விட்டவர், தொற்றில் ஆபத்தைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டிய அளவையும் தாண்டிய ஸ்டீராய்டில் வந்து நின்றார். ஒரு மருந்தைச் சீட்டில்லாமல் விற்காதே என்று தடுத்த அதே மாதங்களில், அதைவிடக் கேடு செய்யும் மருந்து சீட்டில்லாமல் மலையேறியிருக்கிறது. இதை மருந்துக் கடைக்காரர் ஒருவருடைய குற்றமாக நான் பார்க்கவில்லை. வலியோடு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அவர் போவதற்கு அப்போது வேறு இடம் இல்லை. இருந்தாலும், சின்ன வெள்ளை மாத்திரை நம் ஊர்களில் வாத நோயாளிகளுக்குச் செய்துவரும் கேடு பெருந்தொற்றோடு தொடங்கியதும் அல்ல, முடிந்ததும் அல்ல.

2020 செப்டம்பர்

செப்டம்பர் 1 முதல் மாவட்டத்துக்குள் பேருந்து ஓடத் தொடங்கியது. அந்த மாதமே மகள் அவரை அழைத்து வந்தார். முகம் உருண்டு பளபளத்தது. முன்கைகளில் அங்கங்கே ஊதா நிறத் தழும்புகள். முகக்கவசத்தின் நாடாவைக் காதில் மாட்ட விரல் வளையாததால், மகள் அதில் நீளமான துணிக்கயிறு தைத்துப் பின்தலையில் முடிந்துவிட்டிருந்தார். வாசலில் இருந்த கிருமிநாசினிக் குப்பியை முழங்கையால் அழுத்தினார். கையை மூடச் சொன்னபோது விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் வெளிப்பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தும் வீக்கம் முழுதும் அடங்கவில்லை, அழற்சியின் அளவைக் காட்டும் ரத்தச் சோதனையான இ.எஸ்.ஆர். 84. வெறும் வயிற்றில் சர்க்கரை 190. அதற்கு முன் அவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததில்லை. எக்ஸ்ரேயில் வலது கையின் இரண்டு விரல் கணுக்களில், 2018-இல் எடுத்த படத்தில் இல்லாத அரிப்பு தெரிந்தது.

எடுத்த எடுப்பில் அந்த வெள்ளை மாத்திரையை நிறுத்திவிட முடியாது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருக்கும் வரை, உடலில் அதைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி வேலையை மறந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழ நேரலாம். அதனால் முதலில் அதைப் பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராமாக மாற்றி, பிறகு சிறிது சிறிதாகக் குறைத்தோம். வலி மாத்திரை நின்றது. மார்பு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலைக் கிருமிச் சோதனை, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள் எல்லாம் சரியாக இருந்த பிறகு, மெத்தோட்ரெக்சேட்டை 10 மில்லிகிராமில் தொடங்கிச் சில வாரங்களில் 15-க்கு உயர்த்தினோம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் அதற்குள் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. அது கோவிட்டுக்குப் பயனில்லை என்று ரெக்கவரி ஆய்வு ஜூன் 5 அன்றே அறிவித்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் அதே மாதம் தன் ஆய்வில் அதைக் கைவிட்டது. சில மாதப் பரபரப்பு ஓய்ந்த பின், அந்த மாத்திரை அது தேவைப்பட்டவர்களிடமே திரும்பி வந்தது.

மருந்தை விளக்கிய விதம்தான் இந்த முறை வேறாக இருந்தது. வெறுமனே போடுங்கள் என்று சொல்லாமல், கோவிட் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அன்றே முடிவு செய்து எழுதிக் கொடுத்தோம்: காய்ச்சலோ இருமலோ வந்தால் அந்தச் சனிக்கிழமை மெத்தோட்ரெக்சேட் வேண்டாம், அறிகுறி அடங்கிய பிறகு கேட்டுவிட்டுத் தொடங்கலாம், ஸ்டீராய்டை மட்டும் எக்காரணம் கொண்டும் தானாக நிறுத்தக் கூடாது. எப்போது நிறுத்தலாம் என்று தெரிந்துகொண்டதாலேயே மற்ற நாள்களில் அஞ்சாமல் போட்டார் என்று நினைக்கிறேன். மாத்திரையைத் தவறவிடாதீர்கள் என்று எத்தனையோ முறை சொல்லியும் கிடைக்காத பலன் இது.

பின்தொடர்ச்சி பெரும்பாலும் கைப்பேசியில் நடந்தது. பேத்தி பாறை மேல் நின்று காணொலியில் பாட்டியின் கையைக் காட்டுவாள். மூட்டைத் தொட்டுப் பார்க்காமல் வீக்கத்தை அளப்பது கடினம். ஆனால் விறைப்பு எத்தனை மணி வரை இருந்தது, ஈரத்துணியைப் பிழிய முடிகிறதா, கை மூடும்போது எத்தனை விரற்கடை இடைவெளி என்ற மூன்று கேள்விகள் பெரும்பாலும் போதுமானதாக இருந்தன. ரத்தச் சோதனைக்கு மலையிலேயே உள்ள அரசு நிலையத்தில் ரத்தம் கொடுத்து, முடிவைப் படமெடுத்து அனுப்பினார்கள். தை மாதத்தில் இடைவெளி ஒரு விரற்கடையாகக் குறைந்தது. சர்க்கரை இயல்புக்கு வந்தது. பிப்ரவரியில் ஸ்டீராய்டு முழுதும் நின்றது. ஆனால் அந்தப் பறிப்புப் பருவம் போய்விட்டது. ஒரு பருவத்துக் கூலி இழப்பு எந்த மருத்துவக் குறிப்பிலும் எழுதப்படுவதில்லை.

இரண்டாம் அலையும் தடுப்பூசியும்

2021 மார்ச் 1 முதல், 45 வயதைக் கடந்து இணைநோய் உள்ளவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியது. எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்துகளை நெடுநாள் எடுப்பவர்களும் மத்திய அரசின் 20 இணைநோய்ப் பட்டியலில் இருந்தார்கள். சான்றிதழ் எழுதிக் கொடுத்தும் அவர் தள்ளிப்போட்டார். ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டு, 17 அன்று மாரடைப்பால் காலமானார். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். ஆயினும் பலரைப் போல இவரும் பின்வாங்கிவிட்டார்.

மே மாதம், மாநிலம் முழு ஊரடங்கில் இருந்தபோது, அம்மாப்பேட்டை வீட்டிலிருந்து தொற்று வந்தது. சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகளுடன் தற்காலிகச் சிகிச்சை மையம் திறக்கப்பட்ட வாரங்கள் அவை. காய்ச்சல், உடம்பு வலி, இருமல். அன்றே மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினார். களப்பணியாளர் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டியபோது 86 காட்டியது. வீடே கலங்கிப்போய் ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போன நேரத்தில் மகள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மூச்சு வாங்குகிறதா என்றால் இல்லை; முழு வாக்கியம் பேசுகிறார். வளைந்த விரலில் அந்தக் கருவி சரியாகப் பொருந்துவதில்லை. குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தால் அளவு தவறாகவும் காட்டும். கையை வெந்நீரில் வைத்துத் துடைத்து, கோணாத இடது கை நடுவிரலில் மாட்டி, எண் நிலைக்கும் வரை பொறுத்திருந்து பார்க்கச் சொன்னேன். 96. அடுத்த 10 நாளும் அந்த ஒரு விரலில்தான் பார்த்தார்கள். 94-க்குக் கீழே போகவில்லை. வீட்டிலேயே தேறினார்.

ஒரு நோயாளியின் அனுபவத்தை வைத்து மெத்தோட்ரெக்சேட் காப்பாற்றியது என்றோ, ஸ்டீராய்டு இருந்திருந்தால் மோசமாகியிருக்கும் என்றோ முடிவு கட்ட முடியாது. ஆனால் அதே மே மாதத்தில் தமிழ்நாடு கரும்பூஞ்சையை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடல்களைத்தான் அது பெரும்பாலும் தாக்கியது. முந்தைய செப்டம்பரில் இவர் இருந்த நிலை அதுவேதான். அந்த நிலையில் இந்தத் தொற்று வந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு அப்போது பலமுறை வந்தது. அப்போது கடுமையான கோவிட்டுக்கு மருத்துவமனைகள் தேடி அலைந்த டோசிலிசுமாப் ஊசியும் முடக்கு வாத மருந்துதான். முதல் ஆண்டு மாத்திரைக்கு நேர்ந்தது இரண்டாம் ஆண்டு ஊசிக்கு நேர்ந்தது. விலை காரணமாக அந்த ஊசி இவரைப் போன்றவர்களுக்கு எப்போதும் எட்டாததால், அந்தத் தட்டுப்பாட்டை அவர் அறியவே இல்லை.

அறிகுறிகள் அடங்கி இரண்டு வாரம் கழித்து மெத்தோட்ரெக்சேட் திரும்பத் தொடங்கியது. தொற்று வந்தவர்கள் குணமாகி மூன்று மாதம் கழித்தே தடுப்பூசி போட வேண்டும் என்று மே 19 அன்று மத்திய அரசு அறிவித்திருந்தபடி, செப்டம்பரில் முதல் தவணையும் டிசம்பரில் இரண்டாம் தவணையும் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தவணைக்குப் பின்னும் ஒரு வாரம் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தி வைத்தோம். அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜியின் அன்றைய பரிந்துரை அது. பூஸ்டர் ஊசிக்குப் பின் இரண்டு வாரம் நிறுத்தினால் எதிர்ப்பான்கள் ஏறத்தாழ இரு மடங்காக உருவாகின்றன என்று இங்கிலாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2022-இல் காட்டியது. நிறுத்தியவர்களில் கூடுதலானோருக்கு மூட்டு வலி கிளம்பியதையும் அதே ஆய்வு பதிவு செய்தது. ஏற்கெனவே ஒருமுறை நிறுத்தி விரல்களைக் கோணலாக்கிக்கொண்ட இவருக்கு ஒரு வாரமே போதும் என்று அன்று முடிவு செய்ததில் எனக்கு வருத்தமில்லை.

இப்போதைய நிலை

விரல் சாய்வு அப்படியே இருக்கிறது. பழம் பறிக்க அவர் போவதில்லை. களத்தில் காயும் காப்பியைக் கிளறிவிடுவதும், கெட்ட கொட்டையைப் பொறுக்குவதும் அவர் வேலை. கூலி குறைவு. காலை விறைப்பு கால் மணி நேரம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. இவர் வீட்டு வாசலுக்கும் ஒரு சுகாதாரத் தன்னார்வலர் வருகிறார். கணவரின் ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் கொடுத்து, அழுத்தம் பார்த்து, பதிவு செய்துகொண்டு போகிறார். முடக்கு வாத மாத்திரை அந்தப் பையில் இல்லை. சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவர்களின் எண்ணிக்கை பெரிது, அவர்களுக்குத் தரும் மருந்தும் எளிது என்பதால் திட்டம் அங்கிருந்து தொடங்கியதில் தவறில்லை. மெத்தோட்ரெக்சேட்டை ரத்தச் சோதனை பார்க்காமல் வீடு வீடாகக் கொடுக்கவும் கூடாது. ஆனால் ரத்தம் எடுக்கும் வசதி மலைமேலேயே இருக்கிறது. முடிவை நகரத்தில் உள்ள மருத்துவர் கைப்பேசியிலேயே பார்க்க முடியும் என்பதை ஊரடங்கு மெய்ப்பித்துவிட்டது. முடிவு சரியாக இருந்தால் அடுத்த மூன்று மாதத்துக்கான மாத்திரையை அதே பையில் அனுப்புவதற்கு மருந்தின் தன்மையில் தடை ஏதுமில்லை. அந்த ஏற்பாடு வரும் வரை, மருமகன் மாதம் ஒருமுறை மாத்திரையை வாங்கி வைத்திருந்து, இரு சக்கர வண்டியில் மலையேறிக் கொடுத்துவிட்டு வருகிறார். எப்போதும் இரண்டு மாதத்துக்கான மாத்திரை கையிருப்பில் இருக்க வேண்டும் என்று குடும்பத்தாரே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். சுழித்த சனிக்கிழமைகளுக்குக் கீழே, மீதியுள்ள மாத்திரைகளின் எண்ணிக்கையைப் பேத்தி எழுதி வைக்கிறாள்.